நிச்சயத்துக்கு நீ போட்டு வந்த மைனர் செயின்

மகனே,

வருகிற வெள்ளிக்கிழமை காலை, உன் வருங்கால மாமனார் உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள தன் முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு எழுதிக் கொடுக்கப் போகிறார். ஆள் பார்த்தாகிவிட்டது, பேசி முடித்தாகிவிட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இதைச் சொன்னவர் பெண்ணின் அம்மா. நேற்று சாயங்காலம் உன் அம்மாவிடம் போனில் சொன்னார், பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன். ஒரே ஒருவர் வாயில் வந்த செய்தியை நான் எப்போதும் நம்பியதில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்துப் பெண்ணே என்னைத் தனியாகக் கூப்பிட்டு அதை உறுதி செய்தாள். காரணத்தையும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சொன்னார்கள். மாப்பிள்ளை அழைப்பில் உன் கழுத்தில் போட வேண்டிய செயினுக்குப் பணம் வேண்டும்.

"நான் எதுவும் கேக்கவே இல்லையேப்பா" என்று இதைப் படித்ததும் சொல்வாய். உண்மைதான். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே, பவுன் பேச்சு எடுக்கக் கூடாது, சீர் பேச்சு எடுக்கக் கூடாது என்று சொன்னாய். எனக்கும் அதில் பெருமையாகத்தான் இருந்தது. நீ வாய் திறந்து கேட்கவில்லை. உன் கழுத்து கேட்டது. அதை எப்படிக் கேட்டது என்பதை, ஒரு செய்தியை எழுதுவதுபோல முதலிலிருந்து எழுதுகிறேன். இடையில் எங்கேயாவது உனக்குக் கோபம் வந்தால், தண்ணீர் குடித்துவிட்டு வந்து மேலே படி.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முதல் நாள் கோயில் வாசலில் மச்சான் வந்து மாலை போட்டு, கையோடு ஒரு செயினும் போட்டு மாப்பிள்ளையை மண்டபத்துக்கு அழைத்துப் போவான். அது எத்தனை பவுன் என்று யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசினால் வரதட்சணை என்றாகிவிடும், நாகரிகமானவர்கள் இல்லையா நாம்! ஆனால் பேசாமலே ஓர் அளவு இருக்கிறது. மாப்பிள்ளை ஏற்கெனவே போட்டிருக்கும் செயினைவிட மச்சான் போடுவது மெலிந்து தெரியக் கூடாது. இரண்டும் ஒரே சட்டையின் மேல் கிடக்கும். வீடியோக்காரர் கிட்டே வந்து எடுப்பார். பெண் வீட்டுச் செயின் நூல் மாதிரித் தெரிந்தால் பந்தியில் சாம்பாருக்கு முன்னால் அந்தப் பேச்சுதான் பரிமாறப்படும். வெறுங்கழுத்து மாப்பிள்ளைக்கு எதைப் போட்டாலும் நிறைவு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், வீட்டில் செயின் இருந்தாலும் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பையனை நிச்சயத்துக்குக் கூட்டிப் போவார்கள்.

நீ எப்படி வந்தாய்? ஓசூரிலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்து இறங்கினாய். சட்டையின் மேல் பட்டன் இரண்டும் திறந்திருந்தன. உள்ளே சுண்டுவிரல் தடிமனில் ஒரு முறுக்குச் செயின் மின்னிக்கொண்டிருந்தது. உன் அம்மா கேட்டதற்கு, கம்பெனி போனஸில் வாங்கியது என்றாய். அவள் பூரித்துப்போய், கண்ணு பட்டுடும் என்று சொல்லிச் சட்டையை இழுத்து மூடினாள். நீ பட்டனைத் திரும்பத் திறந்துவிட்டுக்கொண்டாய். சந்தனத் தட்டைத் தாண்டி நீ நடந்த நடையை நான் பார்த்தேன். செயின் முன்னால் போயிற்று, நீ அதன் பின்னால் போனாய்.

பெண்ணின் சித்தப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கும், அரியலூரில் சிமெண்ட் லாரி வைத்திருப்பவர். எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார் என்று அந்த வீட்டில் அவருக்குப் பேர். "மாப்ள, காலர் மடங்கிக் கெடக்கு, இருங்க" என்று உன் பின்னால் வந்து நின்றாரே, காலர் மடங்கியிருக்கவில்லை. கொக்கியைத் திருப்பிப் பார்த்தார். அதில் 916 என்று அடித்திருந்தது. காபி ஊற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், "முத்திர போட்ட உருப்படிதான்ணே. மைனரு செயினு மாதிரியில்ல கெடக்கு! நம்ம போடறது இதுக்கு மேல தெரிஞ்சாத்தான் மருவாத" என்று தன் அண்ணனிடம் சொன்னார். அங்கே நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "மாப்ள நடக்கும்போது கழுத்து வலிக்காதா?" என்றாள். உன் மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாப்போம்" என்றார். இரண்டடி தள்ளி நான் நின்றிருந்தேன். அந்த 'பாப்போம்'தான் இப்போது வெள்ளிக்கிழமையாக வந்து நிற்கிறது.

செயினுக்கு வருகிறேன். அந்த வாரம் முழுக்க நீ வீட்டில் இருந்தாய். அதைக் கழற்றாமல் குளித்தாய், அதோடே வண்டி ஓட்டினாய், கூட்டாளிகளைப் பார்க்கக் குரும்பலூர் வரைக்கும் போய் வந்தாய். நாலாம் நாள் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாய். கேட்டதற்கு வேர்க்குரு என்றாய். தை மாசத்தில் வேர்க்குரு! ஓசூருக்குக் கிளம்பும்போது அரிப்பு தாங்காமல் அதைக் கழற்றிக் குளியலறை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாய். உன் சட்டைகளை ஊறவைக்க எடுத்த உன் அம்மா உள்ளே இருந்தே கத்தினாள். "என்னங்க, இங்க வந்து பாருங்க. ஒங்க புள்ள காலர்ல கெணத்துப் படிக்கட்டு மாதிரி பாசி புடிச்சிருக்கு." காலரைச் சுற்றி ஒரு வளையம், பச்சையும் கறுப்புமாக. சோப்பு போட்டும் அது போகவில்லை, சொல்லிவைக்கிறேன்.

பிரிட்ஜ் கதவில் உன் அம்மா ஒட்டி வைத்திருக்கும் மாம்பழப் பொம்மையை எடுத்து வந்தேன், அதன் முதுகில் காந்தம் இருக்கிறது. கொக்கியில் வைத்தேன், ஒட்டியது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கொக்கிக்குள் ஒரு சின்னச் சுருள்கம்பி இருக்கும், நல்ல தங்கச் செயினிலும் அது காந்தத்தில் ஒட்டக்கூடும். அதனால் நடுச்செயினில் வைத்தேன். மொத்தச் செயினும் எழும்பி மாம்பழத்தைக் கட்டிக்கொண்டது. கீறிப் பார்த்தால், மேலே தங்க நிறம், நடுவில் செம்பு மாதிரி ஒரு பூச்சு, உள்ளே இரும்பு. பித்தளை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பித்தளைக்குக்கூட உனக்கு யோகமில்லை. அதே தடிமனில் தங்கமாக இருந்தால் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கனத்திருக்கும். தொட்டுப் பார்க்காமல் நம்பாத சித்தப்பா கொக்கியைத் தொட்டாரே தவிர, செயினைக் கையில் தூக்கிப் பார்க்கவில்லை.

உன்னிடம் கேட்டு, நீ அதை ஆன்லைனில் வாங்கிய பக்கத்தை என் போனில் திறந்து படித்தேன். வெட்கமில்லாமல் சிரிப்புப் பொம்மை ஒன்றையும் போட்டு அனுப்பியிருந்தாய். "ஆண் மனிதர்களுக்கான ராஜ தோற்றம் தங்கம் பூசிய கழுத்து சங்கிலி காதலன் பரிசு" என்று தலைப்பு. ஆண் மனிதர்கள்! ஒரு வரித் தமிழை ஆளை வைத்து எழுதத் துப்பில்லாதவன் விற்ற தங்கத்தை நீ கழுத்தில் போட்டுக்கொண்டு பெண் வீட்டுக்குப் போயிருக்கிறாய். உள்ளே என்ன உலோகம் என்று தேடினேன். 'பிரீமியம் உலோகக் கலவை' என்றிருந்தது. பிரீமியம் என்று ஒரு உலோகம் நான் படித்த பள்ளிக்கூடத்தில் கிடையாது. முலாம் எவ்வளவு கனம் என்று மைக்ரான் கணக்கில் சொல்வார்கள், அது இல்லை. செயினின் எடை இல்லை. செய்தவனின் ஊர் இல்லை. 'வாழ்நாள் உத்தரவாதம்' மட்டும் மூன்று இடத்தில் இருந்தது. யாருடைய வாழ்நாள் என்று நீ கேட்டிருக்க வேண்டும். விற்றவனுடைய கடை நான் பார்ப்பதற்குள்ளேயே செத்துப்போயிருந்தது. அதே படம், அதே மார்பு, அதே செயின் வேறொரு கடைப் பெயரில் கிடந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், 'உடலில் அணியும் பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் நான் கண்ட ஒரே உண்மை அதுதான்.

ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு போனில் என்னிடம் வாதாடினாய். "ரேட்டிங் நாலரை இருந்துச்சுப்பா." அந்த நாலரையையும் படித்தேன். 'சூப்பர்' என்று ஒருவர். 'பார்சல் சீக்கிரம் வந்தது' என்று பத்துப் பேர். அது வெயிலில் வண்டி ஓட்டிய கூரியர்காரருக்குச் சேர வேண்டிய பாராட்டு, செயினுக்கு இல்லை. ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் எல்லாரும் திறக்காத டப்பாவைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் தங்கள் கழுத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். சிவப்பு, தடிப்பு, பச்சை. ஒரு தகவலை நம்புவதற்கு முன் நான் இரண்டு கேள்வி கேட்பேன். சொல்கிறவன் தன் கண்ணால் பார்த்தானா? அது உண்மையென்று நான் நம்பினால் அவனுக்கு என்ன லாபம்? இந்த இரண்டையும் கேட்டிருந்தால் அந்தக் கழுத்துகளில் ஒன்று உன்னுடையதாக ஆகியிருக்காது.

916 பற்றியும் சொல்லிவிடுகிறேன், சித்தப்பாவை ஏமாற்றியது அதுதான். முலாம் பூசிய எந்தப் பொருளுக்கும் ஹால்மார்க் கிடையாது. இப்போது ஹால்மார்க் முத்திரையுள்ள நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் ஒன்று இருக்கும், அதைப் போனிலேயே சரிபார்த்துவிடலாம். உன் கொக்கியில் 916 தவிர ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் எந்த இடத்திலும் இது தங்கம் என்று அவன் எழுதவில்லை. எண்ணை மட்டும் அடித்து அனுப்பிவிட்டான். அதைத் தங்கம் என்று சொல்லும் வேலையை உன்னை விட்டுச் செய்யவைத்தான். போனஸில் வாங்கியது என்று சம்பளமே இல்லாமல் அந்த வேலையைச் செய்தவன் நீ.

நான் செய்தி எழுத வந்த புதிதில், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் தங்கம் என்று சொல்லிக் குண்டுமணி மாலை விற்றான். ரஞ்சன்குடிக் கோட்டை மதிலோரம் பள்ளம் தோண்டும்போது கிடைத்த புதையல் என்றான். பருத்தி விற்ற பணத்தோடு பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் அதை வாங்கிவிட்டு, மறுநாள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தார். "எப்படிங்க நம்புனீங்க?" என்று கேட்டேன். "ஒரே ஒரு மணியப் பிச்சு, எங்க வேணாலும் உரசிப் பாத்துட்டு வாங்கன்னு குடுத்தான் சார். அது நல்ல தங்கம் சார்" என்றார். ஒன்று நிஜம், மற்றதெல்லாம் பித்தளை. நீ செயின் வாங்கிய பக்கத்தில் பளபளத்த முதல் படம் அந்த ஒரு மணிதான், வேறு என்ன? ஆனாலும் அந்தத் திருடன் மேல் எனக்கு ஒரு துளி மரியாதை உண்டு. வெயிலில் நின்றான், முகத்தைக் காட்டினான், ஒரு மணிக்காவது நிஜத் தங்கம் செலவழித்தான். உன்னை ஏமாற்றியவன் அந்த ஒரு மணியைக்கூடச் செலவழிக்கவில்லை. நீ அதற்குக்கூடத் தகுதியானவன் இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கவரிங் போடுவது இழிவு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. உன் அம்மா பஸ்ஸில் போகும்போது கவரிங்தான் போடுகிறாள். அவள் கடையில் போய் நின்று, கவரிங் என்று கேட்டு, கையில் வாங்கிப் பார்த்து, கறுத்தால் மாற்றித் தருவீர்களா என்று சண்டை பிடித்து வாங்குகிறாள். கறுத்தால் அதே கடைக்குப் போய் அதே ஆளிடம் மறுபடியும் சண்டை பிடிக்கிறாள். யாராவது கேட்டால், "கவரிங்க்கா, நல்லாருக்கா?" என்கிறாள். வித்தியாசம் அவ்வளவுதான். உன்னைக் கேட்ட முதல் ஆளிடமே நீ பொய் சொன்னாய், அதுவும் அவளிடம். அவள் உன்னைப் போனில் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஏண்டா, போனஸுல வாங்கினேன்னியே, ஒங்க கம்பெனில போனஸ இரும்பாத்தான் குடுக்கறாங்களா?"

நீ சிரிக்கப் பார்த்தாய். "ஃபோட்டோவுக்குத்தானம்மா, எல்லாருந்தான் போடறாங்க" என்றாய். தோப்பு விஷயம் நேற்று தெரிந்ததும் நான் உன்னைக் கூப்பிட்டேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அப்போது நீ சொன்ன பதிலால்தான். "அப்ப ஒண்ணு பண்றேன்ப்பா. இஎம்ஐல ஒரிஜினலே ஒண்ணு வாங்கிடறேன், அதே டிசைன்ல. அப்ப பொய்யில்லல்ல?" ஏமாந்ததற்காக நான் உன்னைத் திட்டலாம், மன்னிக்கவும் செய்யலாம். இரும்பை வாங்குகிறவன் முட்டாள், அவ்வளவுதான். ஆனால் அந்த இரும்பின் அளவுக்குத் தங்கம் வாங்கிப் போட்டுப் பொய்யை மெய்யாக்கிவிடலாம் என்று நினைக்கிறவனுக்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ நிஜச் செயின் போட்டாலும் உன் மாமனார் அதைவிடக் கனமாகத்தான் போட வேண்டும். தோப்பு அப்போதும் போகும். உன் மானம் மட்டும்தான் காப்பாற்றப்படும். அதாவது, அந்த யோசனையில் அவருடைய மரங்கள் உன் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

எனக்கு அந்த மரங்களைத் தெரியும், பார்த்திருக்கிறேன். இப்போது அவை பூவெடுத்து நிற்கின்றன. கொட்டை பொறுக்கும் காலத்தில் அந்த வீட்டில் எல்லாரும் தோப்பில்தான் இருப்பார்கள், பெண் உட்பட. இந்த வருஷத்துக் காய்ப்பை நம்பித்தான் கல்யாணச் செலவையே வைத்திருக்கிறார்கள். குத்தகைக்கு எழுதிவிட்டால் இந்தக் காய்ப்பும் இதற்கடுத்த சில வருஷத்துக் காய்ப்பும் வேறொருவருடையது. தன் தோப்பிலேயே கூலிக்குப் பொறுக்கப் போவாரா, வேறு தோப்புக்குப் போவாரா என்பது அவர் இஷ்டம்.

பெண் என்னைக் கூப்பிட்டதைச் சொன்னேன். என்ன பேசினாள் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், உன்னிடம் சொல்லலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "மாமா, மாலை மாத்தும்போதே எனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றாள். "ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கப் போவையில தெனம் நான் கவரிங்தான போட்டுட்டுப் போறேன். எனக்குத் தெரியாதா? சிரிப்புதான் வந்துச்சு. கல்யாணத்துக்கப்புறம் வச்சு ஓட்டலாம்னு விட்டுட்டேன். இப்புடி ஆவும்னு நெனக்கல மாமா." அவளே தொடர்ந்தாள். "நானே எங்கப்பாகிட்ட சொல்லிருவேன். ஆனா நான் சொன்னா ஒங்க மகன மட்டம் தட்டுன மாதிரி ஆயிடும். சித்தப்பா பொல்லாதவரு. நீங்க சொன்னா ஒங்க வூட்டு மானம் போச்சும்பீங்க. ஒங்க மகனே சொல்லிட்டா ஒண்ணுமே இல்ல மாமா. எங்கப்பா ரெண்டு திட்டு திட்டுவாரு, அவ்ளோதான்." பிறகு, "அப்புடித்தான் நெனக்கறேன்" என்றாள்.

அவள் குரல் அந்தக் கடைசி வார்த்தையில் இறங்கியது. நீ விரும்பித் தேர்ந்தெடுத்த பெண் அவள். கல்யாணத்துக்கு முன்பே உன் பொய்யை அவள் கையில் கொடுத்துச் சுமக்கவைத்திருக்கிறாய். தன் அப்பாவின் தோப்பா, தன் வருங்காலக் கணவனின் முகமா என்று ஒரு பெண் யோசித்துக்கொண்டிருக்கிறாள். நீ ஓசூரில் உட்கார்ந்து இஎம்ஐ கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறாய்.

என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் ஒன்றுமில்லை. மாமனாரை நீயே கூப்பிட வேண்டும். முன்னுரை வேண்டாம், ரேட்டிங் வேண்டாம், ஆன்லைன்காரன் ஏமாற்றிவிட்டான் என்ற புலம்பல் வேண்டாம். அவன் உன்னை ஏமாற்றியது ஒரு விஷயம், நீ அவர்களை ஏமாற்றியது வேறு விஷயம். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மூடாதே. "மாமா, நிச்சயத்துக்கு நான் போட்டிருந்தது தங்கமில்ல. எனக்கு நீங்க செயினே போட வேணாம். தோப்ப எழுதிக் குடுத்துடாதீங்க." இவ்வளவுதான். அவர் திட்டினால் கேட்டுக்கொள். போனைச் சித்தப்பாவிடம் கொடுத்தால் அவரிடமும் இதையே சொல், அவர் சிரித்தால் சிரித்து முடிக்கும் வரை வைக்காதே.

உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். தெரியாதது, நீ பேசுவாயா என்பது. வியாழக்கிழமை சாயங்காலம் வரை காத்திருப்பேன். பேசவில்லை என்றால் வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் உன் அம்மாவும் உடையார்பாளையம் போகிறோம், கையெழுத்துக்கு முன்னால் நாங்களே சொல்வோம், வீட்டு மானம் போனால் போகட்டும். எப்படிப் பார்த்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். அதைக் கேட்ட பிறகும் அவர் உனக்குப் பெண் கொடுப்பாரா என்பது எனக்குத் தெரியாது. பெண்ணுக்கும் தெரியாது, நேற்று அவள் குரலில் அது இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான், அவரிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.

அப்பா